‘தீப்பிடிக்காத ஒயில்’ என்று ஒன்று இருக்கிறதா? வெட்டு மெசினுக்கு அதை ஊற்றலாமா?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலபோக அறுவடையில் அவருடைய வெட்டு மெசினில் ஹைட்ரோலிக் ஹோஸ் ஒன்று வெடித்து, ஒயில் எஞ்சின் சூட்டில் பட்டுப் பற்றிவிட்டது. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து அணைத்ததால் மெசின் பாதிக் கருகலோடு தப்பியது. இப்போது அவருடைய மச்சான் கொழும்பில் ஏலத்தில் எடுத்த பரல் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியிருக்கிறார். ‘நெருப்புப் பிடிக்காத ஹைட்ரோலிக் ஒயில், பெரிய தொழிற்சாலைகளில் பாவிக்கிறது’ என்று சொல்லி விற்றார்களாம். லேபல் பாதி கிழிந்துவிட்டது. இதை மெசினுக்கு ஊற்றலாமா, பெக்கோவுக்கும் ஊற்றலாமா, உண்மையாகவே பற்றாதா என்பதுதான் கேள்வி.

தம்பி, ஊற்ற வேண்டாம். அந்தப் பரலுக்குள் எது இருந்தாலும் இப்போதைக்கு ஊற்ற வேண்டாம். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் வளைகுடாவில் ஓர் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில் 11 வருடம் பராமரிப்புப் பகுதியில் நின்றவன். இந்தத் திரவங்களோடுதான் சீவியம். இப்போது கிளிநொச்சியில் ஹோஸ் அடித்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மெசின் ஏன் பற்றியது என்று பார்ப்போம். சாதாரண ஹைட்ரோலிக் ஒயிலை ஒரு தகரத் தட்டில் ஊற்றி, எரிகிற நெருப்புக் குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். அந்த ஒயிலின் ஆவி பற்றுவதற்கே ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். அதனால் ‘ஒயில்தானே, பெற்றோலா என்ன’ என்று எல்லோரும் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் திருவிழாவில் மண்ணெண்ணெயை வாயில் வைத்துப் பந்தத்தின் மேல் ஊதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தில் சாதுவாகக் கிடந்த அதே எண்ணெய், பொடித் துளியாகப் பறந்தவுடன் ஆள் உயரத்துக்கு எரிகிறது. ஹோஸில் ஊசித் துளை விழும்போது நடப்பதும் அதுதான். அழுத்தத்தைப் ‘பார்’ என்ற அளவில் சொல்வோம். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுக்குள் இருக்கும் காற்று ஒன்றரை பார் அளவு. உங்கள் மெசினின் ஹைட்ரோலிக் ஹோஸுக்குள் இருப்பது 200 பார், அதாவது ஏறத்தாழ 3000 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் துளை வழியே வருவது ஒழுகல் இல்லை, புகை மாதிரி. பாரத்தில் ஓடும் எஞ்சினின் புகை வெளியேறும் பக்கத்து டர்போவும் மேனிஃபோல்டும் 500 பாகையைத் தொடும். கனிய எண்ணெய் முந்நூற்றுச் சொச்சம் பாகையில் பொறி ஒன்றும் இல்லாமலே தானாகப் பற்றும். பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை பம்ப் நெருப்புக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். இதை மட்டும் ஒருக்கால் மனத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த ஆபத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் விளங்கிக்கொண்டது. 1956 ஆகஸ்ட் 8, பெல்ஜியத்தில் மார்சினெல் என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். 975 மீற்றர் ஆழத்தில், நிலக்கரி வண்டி ஒன்று தூக்கிக் கூண்டுக்குள் முழுதாக ஏறாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது தெரியாமல் கூண்டு மேலே கிளம்பியது. நீட்டிக்கொண்டிருந்த வண்டி, அழுத்தத்தில் இருந்த எண்ணெய்க் குழாயையும் மின்கம்பிகளையும் காற்றுக் குழாயையும் ஒரே இழுப்பில் அறுத்தது. எண்ணெய் சீறியது, மின்பொறி பற்ற வைத்தது, காற்று ஊதிவிட்டது. 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் வேலை தேடி வந்த இத்தாலியர்கள். பிழைப்புக்காக அந்நிய தேசத்தில் ஆழத்தில் இறங்கினவர்கள் என்று வாசித்தபோது, வளைகுடாவில் எங்கள் லேபர் கேம்ப் ஞாபகம் வந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் சுரங்கப் பாதுகாப்புக்கென்று தனி ஆணைக்குழு அமைத்து, நிலத்தடியில் எந்த ஹைட்ரோலிக் திரவம் பாவிக்கலாம் என்று சோதனை முறைகளை வகுத்தது. ‘லக்சம்பர்க் அறிக்கை’ என்று தொழிலில் சொல்வது அதைத்தான். ஏழாவது அறிக்கை 1994இல் வந்தது.

அந்தச் சோதனைகளிலேயே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. திரவத்தைச் சீறல் துளியாக அடித்து, நெருப்பைக் காட்டிவிட்டு எடுக்கிறார்கள். நெருப்பை எடுத்த பிறகு சீறல் தானாக அணைகிறதா, தொடர்ந்து எரிகிறதா என்று பார்க்கிறார்கள். இன்னொன்றில் 700 பாகைக்குச் சூடாக்கிய குழாயின் மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பற்றவே கூடாது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பற்றினாலும் பரவாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் இவற்றைத் ‘தீ எதிர்ப்புத் திரவம்’ என்கிறார்கள். ‘தீப்பிடிக்காத’ என்ற சொல் விற்கிறவன் வாயில் பிறந்தது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? உலகத் தரப் பிரிப்பில் எச்எஃப்ஏ, எச்எஃப்பி, எச்எஃப்சி, எச்எஃப்டி என்று நாலு வகை. முதல் மூன்றும் தண்ணீரை நம்பியவை. கடைசி, தண்ணீரே இல்லாத செயற்கைத் திரவம்.

எச்எஃப்ஏ என்பது ஏறக்குறையத் தண்ணீர்தான். நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர், மிச்சம் துருத்தடுப்பும் வழுக்கலும் தரும் சேர்மானம். நிலக்கரிச் சுரங்கங்களில் கூரையைத் தாங்கி நிற்கும் பெரிய இரும்புக் கால்களுக்கு இதுதான் ஓடுகிறது. எச்எஃப்பி என்பது எண்ணெய்க்குள் தண்ணீரை நுண்துளியாகக் கலந்த பால் போன்ற சரக்கு. இப்போது அருகிவிட்டது, விட்டுவிடலாம்.

எச்எஃப்சிதான் நான் 11 வருடம் குளித்த சரக்கு. தண்ணீரும் கிளைக்கோலும் கலந்தது. தண்ணீர் நூற்றுக்கு 35இலிருந்து 45 வரை, மீதி பெரும்பாலும் டைஎதிலீன் கிளைக்கோல், அதோடு தடிப்பாக்க ஒரு பொலிமர், துருத்தடுப்பு மருந்துகள். உருகிய அலுமினியம் 700 பாகை அளவில் நிற்கும் வார்ப்பு இயந்திரங்கள், உலைக் கதவுகள், இரும்பு உருக்காலையில் உருக்கு ஊற்றும் இடங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் இதுதான் மலிவான தெரிவு. ஹோஸ் வெடித்துச் சூட்டில் பட்டால் முதலில் தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி சூட்டையும் உறிஞ்சும், ஒட்சிசனையும் தள்ளிவிடும். பச்சை விறகை அடுப்பில் வைத்தது போல. ஆனால் பச்சை விறகும் காய்ந்த பிறகு எரியும்தானே? எச்எஃப்சியும் அப்படித்தான். சூடான இரும்பின் மேல் தேங்கிக் கிடந்து தண்ணீர் போய்விட்டால் மிச்சமிருக்கும் கிளைக்கோல் எரியும். ஆகவே சிந்தியதைத் துடைக்காமல் விடுவது எங்கள் இடத்தில் பெரிய குற்றம்.

இந்தத் திரவத்தை வளர்ப்பது கைக்குழந்தை வளர்ப்பது மாதிரி. தொட்டிச் சூடு 50, 60 பாகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் தண்ணீர் பறக்கும். தண்ணீர் குறைந்தால் தடித்துப் போகும், தீ எதிர்ப்பும் குறையும். கூடினால் மெலிந்து பம்ப் தேயும். அதனால் கிழமைக்கு ஒருதரம் ஒரு துளியை, தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் ஒளிமுறிவுமானியில் வைத்துப் பார்ப்போம். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது கனிமம் நீக்கிய தண்ணீர் விடவேண்டும். ஒரு முறை இரவு வேலைக்கு வந்த புதுப் பையன், வடித்த தண்ணீர் முடிந்துவிட்டதென்று குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டான். தண்ணீரில் இருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்மானத்தோடு சேர்ந்து சவர்க்கார அழுக்கு மாதிரித் திரண்டு, விடியும்போது வடிகட்டிகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. நம்முடைய கேத்தல் அடியைப் பாருங்கள், அந்த வெள்ளைப் படிவுதான் ஆள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர், அதிலும் முழங்காவில், முருங்கன் பக்கச் சுண்ணக்கல் தண்ணீர், இந்த வேலைக்குச் சரிப்படவே சரிப்படாது.

நாகம் (துத்தநாகம்), காட்மியம், மக்னீசியம் மூன்றையும் எச்எஃப்சி அரிக்கும். நாகம் பூசிய குழாய், நட்டு ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. சாதாரண எனாமல் பெயின்ட் தோல் உரிந்த மாதிரிக் கழன்று வரும். காகித வடிகட்டி ஊறிப்போகும். பொலியூரிதேன் சீல் தண்ணீரில் நாட்பட உக்கிவிடும். பம்பின் பெயாரிங்குகளுக்கு ஒயில் தரும் வழுக்கலை இது தராது, ஆயுள் கணிசமாகக் குறையும். அதனால் பம்ப் கம்பனிகளே ‘எச்எஃப்சி போட்டால் அழுத்தத்தையும் வேகத்தையும் இவ்வளவுக்குக் குறை’ என்று தனி அட்டவணை தருகின்றன.

எச்எஃப்டியில் இரண்டு முக்கியப் பிரிவு. ஒன்று பாஸ்பேட் எஸ்டர், எச்எஃப்டிஆர் என்பார்கள். இதுதான் உண்மையான பெரிய ஆள். தானாகப் பற்ற 500 பாகைக்கு மேல் வேண்டும். பற்றினாலும் உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் எரிதலின் சங்கிலியை அறுத்துவிடுகிறது, நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும். பெரிய நீராவிச் சுழலிகளின் வேகக் கட்டுப்பாட்டு வால்வுகளில் இதை ஓட்டுகிறார்கள். 500 பாகைக்கும் மேல் கொதிக்கும் நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் சாதாரண ஒயிலை அழுத்தத்தில் வைத்திருக்க யாருக்கும் துணிவில்லை. பயணிகள் விமானங்களின் சில்லையும் சிறகையும் அசைப்பதும் பெரும்பாலும் இந்த இனம்தான். 1940களின் இறுதியில் டக்ளஸ் விமான நிறுவனமும் மொன்சாண்டோவும் சேர்ந்து உருவாக்கிய ஸ்கைட்ரோல் என்ற ஊதா நிறத் திரவத்தின் வம்சம் இன்றும் பறக்கிறது. விமானத் திருத்தகத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் ஊதா ஒயில் கையில் பட்ட எரிவையும் கண்ணில் தெறித்த கதையையும் ஒரு நாள் முழுக்கச் சொல்வார்கள்.

இந்தப் பெரிய ஆளுக்குப் பகை தண்ணீர். ஈரம் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து அமிலமாகும், அமிலம் வால்வின் நுண்ணிய விளிம்புகளைத் தின்னும். ஆகவே தொட்டியில் காற்று வரும் வழியில் ஈர உறிஞ்சி, பக்கத்தில் அமிலத்தை இழுக்கும் மண் வடிகட்டி, மாதம் தவறாமல் ஆய்வுகூடச் சோதனை. சீல் விடயத்தில் இது நேர் எதிர்க் குணம். நம்முடைய மெசின்களில் இருக்கும் கறுப்பு நைத்திரைல் ரப்பர் இதில் ஊதி, களிமாதிரி ஆகிவிடும். இதற்கு ஈபிடிஎம் ரப்பர் வேண்டும். அதே ஈபிடிஎம் சாதாரண ஒயிலில் ஊதிக் கெடும். இரண்டையும் ஒரே மெசினில் மாறி மாறிப் பாவிக்க வழியே கிடையாது.

இரண்டாவது பிரிவு எச்எஃப்டியு. பெரும்பாலும் பொலியோல் எஸ்டர், தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து செய்வதும் உண்டு. மண்ணில் எளிதில் சிதையும், நைத்திரைல் சீலோடும் ஒத்துப்போகும், பம்புக்கும் நல்ல வழுக்கல். உருக்காலைக்குள் ஓடும் லோடர்கள், சுரங்க வண்டிகள் போன்ற நடமாடும் இயந்திரங்களுக்கு இதைத்தான் ஊற்றுகிறார்கள். பற்றுநிலை சாதாரண ஒயிலைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம்முடைய பாலைக் கட்டை மாதிரி. பற்ற நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் எரியத்தான் செய்யும். என் கண்ணுக்கு மூன்றிலும் விளம்பரம் அதிகம் ஏமாற்றுவது இதைத்தான். நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் எச்எஃப்சி தண்ணீரால் தரும் பாதுகாப்பை இது தராது.

இனி உங்கள் பரலுக்கு வருவோம். உள்ளே எது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஒரு கண்ணாடி போத்தலும் கடைத் தராசும் போதும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அரை லீற்றர் எடுத்து நிறுத்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். ஒரு லீற்றர் சாதாரண ஒயில் ஏறத்தாழ 870 கிராம் நிறுக்கும், பொலியோல் எஸ்டர் 920, எச்எஃப்சி 1080, பாஸ்பேட் எஸ்டர் 1130 பக்கம். அப்புறம் ஒரு கரண்டியளவைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தண்ணீரோடு கரைந்து போனால் எச்எஃப்சியாக இருக்கலாம். கரையாமல் அடியில் போய்க் கிடந்தால் பாஸ்பேட் எஸ்டராக இருக்கலாம். மேலே மிதந்தால் ஒன்றில் பொலியோல் எஸ்டர், அல்லது சாதாரண ஒயிலையே தீ எதிர்ப்பு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். ஏலச் சரக்கில் அது நடக்காத விடயமும் இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சட்டியில் ஊற்றிச் சூடாக்கி ‘பற்றுதா பார்ப்போம்’ என்று சோதிக்காதீர்கள். பாஸ்பேட் எஸ்டரின் புகை சுவாசத்துக்கு ஆகாது.

லீற்றருக்கு 1300 கிராமுக்கு மேல் காட்டினால் உடனே மூடி வைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் பிசிபி என்ற குளோரின் சேர்ந்த திரவத்தையும் தீ எதிர்ப்பு ஹைட்ரோலிக்கில் ஊற்றினார்கள், பழைய மின்மாற்றிகளிலும் இருந்தது. உடம்பில் தங்கும், புற்றுநோய்க் காரணி, மண்ணில் சிதையாது. 1970களில் கைவிட்டார்கள், 2001இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் ஒழிக்கச் சொல்கிறது. பழைய இரும்புச் சாமான் யாட்டுகளில் இருந்து வரும் பரல்களில் எது கிடக்கும் என்று சொல்ல ஏலாது.

சரி, சோதித்து அது நல்ல எச்எஃப்சி அல்லது நல்ல பாஸ்பேட் எஸ்டர் என்று தெரிந்தால் ஊற்றலாம்தானே என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் வெட்டு மெசினின் சீல், பெயின்ட், வடிகட்டி, பம்ப், பெயாரிங் எல்லாம் கனிய எண்ணெய்க்கென்று தெரிவு செய்தவை. எச்எஃப்சி போனால் பம்பும் உருளைத் தாங்கிகளும் தேயும், மிஞ்சிக் கிடக்கும் பழைய ஒயிலோடு கலங்கிப் பாலாகும். பாஸ்பேட் எஸ்டர் போனால் சீல்கள் ஊதி ஒழுகும். நெருப்பைத் தடுக்கப் போய் ஒழுக்கை உண்டாக்கின கதை. நாலு சில்லு உழவு இயந்திரங்களில் நிலை இன்னும் மோசம். கியரும் லிப்டும் பல மொடல்களில் பிரேக்கும் ஒரே தொட்டி ஒயிலில்தான் ஓடுகின்றன. அதற்குள் தண்ணீர்க் கிளைக்கோல் போனால் கியர்ப்பெட்டிக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலியோல் எஸ்டர் ஒன்றுதான் தொழில்நுட்பப்படி சாத்தியம். அதற்கும் பழைய ஒயிலை முழுதாக இறக்கிக் கழுவவேண்டும், கம்பனி ஒப்புதல் வேண்டும், விலை சாதாரண ஒயிலைப்போலப் பல மடங்கு. அதுவும் 500 பாகை டர்போ மேல் பட்டால் பற்றாது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நம்மவர்களுக்கு இதை விளங்கவைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோலைக் காட்டி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது. கிடைத்ததை ஊற்றி, ஓடாததை ஓடவைத்த கைகள். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு, பெருமையும் உண்டு. ஆனால் எஞ்சின் மன்னிக்கும். கொஞ்சம் புகைக்கும், இருமும், பிறகு ஓடும். மைக்றோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடுகிற ஹைட்ரோலிக் பம்ப் மன்னிக்காது. ஒரு தரம் பிழையான திரவத்தைக் குடித்தால் அது அப்படியே சீவிப்போகும். அந்தத் தூள் மிச்ச வால்வுகளுக்கும் போகும்.

இதைவிட எனக்குப் பயம் அந்தப் பரல்தான். காலியான பிறகு அது என்ன ஆகும்? நம்மிடம் காலிப் பரல் என்றால் தண்ணீர் பிடிக்க, நெல் போட, எண்ணெய் கொண்டுபோக. 1977, 78இல் மலையகத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு, எல்லோரும் இளம் பெண் பிள்ளைகள், கைகால் நரம்பு செயலிழந்தது. தேடிப் பார்த்ததில், பெரியபிள்ளையானதும் வழக்கப்படி குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசைல் பாஸ்பேட் இருந்தது. அது பாஸ்பேட் எஸ்டர் குடும்பம். கனிய எண்ணெய் இருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1959இல் மொரோக்கோவில் விமான எஞ்சின் ஒயிலைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதில் ஏறக்குறைய 10,000 பேருக்கு இதே நரம்பு வாதம் வந்தது. இன்றைய தொழிற்சாலைப் பாஸ்பேட் எஸ்டர்களில் நரம்பைக் கெடுக்கும் அந்த ‘ஆர்த்தோ’ வடிவம் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் லேபல் கிழிந்த பரலில் எந்தக் காலத்துச் சரக்கு என்று யாருக்குத் தெரியும்? 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. தருமபுரம் பக்கம் வயதான அம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், யாருக்காவது அந்த நாளைய பேச்சு ஞாபகம் இருக்கலாம். எச்எஃப்சியும் சாது இல்லை. கிளைக்கோல் இனிக்கும், நாய்களும் கன்றுகளும் நக்கும், சிறுநீரகம் போகும்.

இனி, மெசின் திரும்பப் பற்றாமல் இருக்க என்ன செய்வது? பணத்தைத் திரவத்தில் போடாமல் ஹோஸில் போடுங்கள். டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் கிட்டப் போகும் ஹோஸ் எல்லாவற்றையும் முடிந்தால் வேறு வழியால் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இடையில் ஒரு தகர மறைப்பு, ஹோஸுக்கு நெருப்புத் தாங்கும் உறை. என் கடைக்கு வரும் வெடித்த ஹோஸ்களில் பெரும்பாலானவை அழுத்தத்தால் வெடித்தவை இல்லை, எங்கேயோ ஒரு இரும்பு விளிம்பில் உரசி உரசிக் கம்பி வெளியே வந்தவை. ஒரு கிளிப் இருந்திருந்தால் தப்பியிருக்கும். ரப்பர் வெடித்து உள்கம்பி தெரியும் ஹோஸை ‘இந்தப் போகம் மட்டும்’ என்று ஓட்டாதீர்கள். அதில் துணி சுற்றிக் கட்டுவதும் வேண்டாம், துணி ஒயில் குடித்துத் திரியாகிவிடும்.

வெட்டு மெசினில் ஒயிலைவிட முதல் எதிரி வைக்கோல் தூசி என்றும் சொல்லவேண்டும். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த சப்பியும் தூசியும் மேனிஃபோல்டுக்கு மேல் படிந்து கிடக்கும். அதில் ஒயில் நனைந்தால் பிறகு எந்த உயர்ந்த திரவம் ஊற்றியும் பயனில்லை. தினமும் வேலை முடிந்ததும், எஞ்சின் ஆறின பிறகு, கம்பிரசரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பற்றரிக்கு ஒரு வெட்டுச் சுவிட்ச் போடுங்கள். 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று சாரதியின் கைக்கெட்டும் இடத்தில், இன்னொன்று தரையில் நின்று எடுக்கக்கூடிய இடத்தில். முதுகில் போடும் மருந்தடிக்கும் தெளிப்பானில் நல்ல தண்ணீர் நிரப்பி வயல் கரையில் வைத்தால் வைக்கோல் நெருப்புக்கு அருமையாக உதவும். எரிகிற ஒயிலுக்கு அதை அடிக்காதீர்கள், அதற்குத் தூள்தான். பற்றினது கண்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. மேலே ஞாபகம் வைக்கச் சொன்னது இதைத்தான். பம்ப் நின்றால் தீனி நின்றுவிடும். அலறிக்கொண்டு குதித்து ஓடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டதால் முழுதாக எரிந்த மெசின் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

ஒழுக்கு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். 200 பாரில் வரும் ஊசிச் சீறல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குளவி கொத்தினது மாதிரி ஒரு புள்ளி, பெரிய நோவும் இருக்காது. சில மணித்தியாலத்தில் விரல் கறுக்கத் தொடங்கும். அப்படி நடந்தால் வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய், ‘அழுத்த ஒயில் தோலுக்குள் போயிருக்கிறது, சத்திரசிகிச்சை வைத்தியர் பார்க்கவேண்டும்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒழுக்குத் தேட ஒரு நீளமான காட்போர்ட் மட்டை போதும்.

பரலை மூடி, நிழலில், கிணற்றிலிருந்து தள்ளி, தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் வையுங்கள். ‘நஞ்சு, ஹைட்ரோலிக்’ என்று பெயின்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். விற்ற இடத்துக்கே திருப்பிக் கொடுக்க மச்சானைப் பாருங்கள். அது சரிவராவிட்டால் கழிவெண்ணெய் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உள்ளவர்களிடம் கொடுக்கவேண்டும், வாய்க்காலில் விடக்கூடாது, குளத்துக்குத்தான் போய்ச் சேரும். எப்படியோ உங்கள் கையில் காலியானால், அடியில் நாலு துளை போட்டுவிடுங்கள், அப்போதுதான் யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள். புது ஹோஸ் அடிக்க வரும்போது வெடித்த பழைய ஹோஸை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் உரசியிருக்கிறது என்று பார்த்தால்தான் புதியதை எந்த வழியால் விடுவது என்று சொல்லலாம்.